மூன்றாம் நாளின் தலையசைப்பு

அந்த மரக்கூட்டத்தைப் பார்த்தபடி நேராக நடந்தால் போதும். அன்றைக்குச் சண்டைக்கு வந்த பையன்களுக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். வயலின் அந்தக் கரையில் சின்னதாக ஒரு மரக்கூட்டம் தெரிகிறதா, தெரிகிறது, அதை நோக்கி நட. இவ்வளவுதான் உத்தரவு, இதற்குள் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சிற்றம்பலம் காட்டோரத்து நிழலை விட்டு வெயிலுக்குள் கால் வைத்தார். ஆடி பிறக்க இன்னும் நாள் கிடக்கிறது, அது இந்த வெயிலுக்குத் தெரியவில்லை. தலையில் மருமகனின் தொப்பி, ஏதோ பந்தடிக் கழகத்தின் பறவைப் படம் போட்டது, அதற்குள்ளிருந்து வியர்வை காதோரமாக இறங்கியது. மகள் சுகிர்தா தண்ணீர்ப் போத்தலோடு முன்னே போய்க்கொண்டிருந்தாள். மற்றவர்களின் தகப்பன்மார் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் வந்தால் வெள்ளை மாளிகையைக் காட்டு என்பார்கள், என்னுடைய அப்பாவுக்கு எப்பவோ செத்துப்போன வெள்ளைக்காரப் பட்டாளத்தைப் பார்க்க வேண்டுமாம் என்று காரில் வரும்போது சிநேகிதி ஒருத்திக்குப் போனில் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். பிள்ளை சிரிப்பதே அபூர்வம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மூன்று நாள் மோதிய கெட்டிஸ்பர்க் என்ற இந்த ஊரை அவர் கனடாவில் நிலவறை வீட்டுக்குள் இருந்துகொண்டே எத்தனையோ தரம் நடந்துவிட்டார், நூலகத்துப் புத்தகமும் அகராதியும் பூதக்கண்ணாடியுமாக. உந்தச் சண்டையிலயாவது ஆர் வெண்டது எண்டு தெரியும் என்பாள் மனைவி மனோன்மணி, தேத்தண்ணீரைப் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டு. அவளுடைய போன் இன்றைக்கு வரும். சட்டைப் பைக்குள் அது கிடக்கிறது, இன்னும் அடிக்கவில்லை, அடிக்காமலே பாரமாக இருக்கிறது. அவளுக்கு வேண்டியது ஒரு சொல். வருகிற ஆடி அமாவாசைக்கு மகன் குகதாசனுக்குக் கிரியை செய்வதா, இல்லையா. இலங்கைப் போரின் கடைசிக் காலத்தில் கடற்கரைப் பக்கம் சனத்தோடு சனமாகப் போனவன், அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லாதவன். திதி தெரியாவிட்டால் பரவாயில்லை, அமாவாசையில் கொடுக்கலாம், ஆனால் விரலில் தர்ப்பை போட்டுக்கொண்டு தகப்பன்தான் இருக்க வேண்டும், இன்றைக்குள் சொல்லிவிடுங்கள் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டாராம். நேற்றும் கேட்டாள். நேற்றும் அவர் போனுக்குத் தலையை ஆட்டினார். நெடுநாளாக இந்தப் பழக்கம், போனுக்குத் தலையாட்டுவது, மறுபக்கத்தில் இருப்பவள் ஹலோ ஹலோ என்று கத்துவாள், கடைசியில், தலையை ஆட்டுறியளாக்கும், எனக்கென்ன இங்க இருந்து தெரியுமே என்று வைத்துவிடுவாள்.

இதில் விந்தை என்னவென்றால் இவ்வளவு காலமும் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று பிடிவாதமாக நின்றவள் அவள்தான். வவுனியாவில் றோட்டோரக் கொட்டிலில் பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு மழையிலும் இருந்தவள். இந்த வருசம் என்ன வந்ததோ, ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமல், இனி அவனுக்குத் தண்ணி இறைப்பம் என்றாள். அதுதான் திருப்புமுனை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். திருப்புமுனை, திருப்புமுனை. படம் கீறுகிறவனுக்கு இந்தச் சொல் பிடிபடவில்லை. முனை என்றால் பருத்தித்துறை முனை மாதிரி இருக்க வேண்டும், கரை ஒரு பக்கமாக வந்துகொண்டிருந்து சட்டென்று மற்றப் பக்கம் திரும்ப வேண்டும், பென்சில் வைத்து இதுதான் இடம் என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன் அவர், ஒரு குளத்தின் கரையையோ ஒரு காணியின் எல்லையையோ கோடு போட்டுக் காட்டச் சொன்னால் காட்டுவார். சண்டையின் முனையைக் காட்டச் சொன்னால் எங்கே வைப்பது? முதல் நாளில் வைக்கலாம். முதல் நாள் பின்னேரம் தெற்குப் படை பட்டினத்தைப் பிடித்துவிட்டது, பட்டினத்துக்கு மேலே மயானம் இருந்த குன்று மட்டும்தான் மிச்சம், தலைமைத் தளபதி ஆளனுப்பி, முடிந்தால் அந்தக் குன்றைப் பிடியும் என்றார். முடிந்தால். அந்தச் சொல்லைக் கேட்ட தளபதி முடியாது என்று இருந்துவிட்டார். பிடி என்று சொல்லியிருந்தால் பிடித்திருப்பார் என்கிறார்கள். பெரிய மனிதர்கள் மரியாதைக்காகப் போடும் ஒரு சொல், கடையில் சாமான் வாங்கும்போது சொல்வதுபோல, முடிந்தால் ஒரு நல்ல தேங்காயாகப் பாரும் தம்பி. சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரித்ததற்காகக் கூச்சமும் வந்தது. காலையில் அந்தக் குன்றுக்குத்தான் முதலில் போனார்கள், இப்போது அது முழுக்க வடக்குப் படையினரின் கல்லறைகள். பேர் தெரிந்தவர்களுக்குப் பேர், பேர் தெரியாதவர்களுக்குக் கைக்கடக்கமான ஒரு கல், கல்லில் ஒரு இலக்கம். சுகிர்தா அந்த இலக்கக் கற்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அண்ணாவுக்கு இலக்கமும் இல்லையேப்பா என்று சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. அவர் வேறு பக்கம் திரும்பி, அந்தா தெரியுது பார் பிள்ளை, அதுதான் இரண்டாம் நாள் மலை என்றார்.

இரண்டாம் நாள் மலை என்றால் அவருக்கு ஒரு தனிப் பிரியம். இடது கோடியில் பாறையும் பற்றையுமாக ஒரு சின்ன மலை, அதில் ஒரு துப்பாக்கியும் இல்லை, சும்மா கிடந்தது. வடக்குப் படையின் பொறியியலாளர் ஒருவர், படம் கீறுகிறவர், ஏறக்குறைய நம்மட தொழில், அதன் உச்சியில் ஏறி நின்று பார்க்கிறார். இங்கிருந்து பார்த்தால் தன் படை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் எதிரி இங்கே ஏறினால் அவனுக்கும் தெரியும், இந்த இடம் போனால் எல்லாம் போச்சு. ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றினார், கொஞ்சம் பிந்தியிருந்தால் மற்றவன் ஏறியிருப்பான். எங்கிருந்து பார்த்தால் எது தெரியும், எது தெரியாது, சண்டையில் பாதி இதுதான். சண்டையில் மட்டுமா? வவுனியாவில் வீடு கட்டியபோது வீட்டுப் படத்தைத் தானேதான் கீறினார், மேஸ்திரிமாரிடம் கொடுக்க மனம் வரவில்லை, அது போதாதென்று மனோன்மணி ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டினாள். ஊருக்கெல்லாம் படம் கீறுற மனுசன், எனக்குக் கீறின குசினியைப் பாருங்கோ, யன்னலுக்கால பாத்தா கிணறும் வாழையும்தான், முன்னுக்கு ஆர் வாறது ஆர் போறது ஒண்டும் தெரியாது, சமையலுக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரு சின்ன யன்னல் வையுங்கோவன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைப்பம் வைப்பம் என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், அவர்களாவது யன்னல் வைத்திருப்பார்கள்.

புல் முழங்காலைத் தொட்டது. நடப்பதற்காக வெட்டிவிட்ட பாதை ஒன்று இருந்தாலும் அவர் அதை விட்டு விலகிப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தார், ஏன் என்று கேட்டால் தெரியாது. பூச்சிகளின் இரைச்சல் காதுக்குள்ளா வெளியேயா என்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள், இதே மாதிரி வெயில், இதே வயல். காலையில் தெற்குப் படையின் இன்னொரு கீழ்த்தளபதி தலைமைத் தளபதியிடம் சொல்லிப் பார்க்கிறார், இந்த வெளியால் ஆட்களை அனுப்ப வேண்டாம், வலப்பக்கமாகச் சுற்றிப் போவோம், அவர்களுக்கும் அவர்களுடைய தலைநகருக்கும் நடுவில் போய் உட்காருவோம், அவர்கள் வந்து நம்மை அடிக்கட்டும். கேட்கவில்லை. முன்பு வென்று வென்று பழகிய மனுசன், தன் பையன்களால் ஏலாதது ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டார், அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் சிற்றம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். பீரங்கிகள் முழங்கின, புகையில் குண்டு எங்கே விழுகிறது என்று தெரியவில்லை, எதிரியின் தலைக்கு மேலால் பறந்து பின்பக்கம் போய் விழுந்தது, அதுவும் யாருக்கும் தெரியாது. பிறகு, முன்னணியில் போக வேண்டியவர் கீழ்த்தளபதியிடம் வந்து கேட்கிறார், நான் போகட்டா? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சிற்றம்பலம் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தக் கீழ்த்தளபதிக்கு வாய் திறக்கவில்லை. போ என்று சொன்னால் பிள்ளைகள் செத்துப்போவார்கள் என்று தெரியும், போகாதே என்று சொல்ல அதிகாரமில்லை. தலையை மட்டும் அசைத்தார். அந்தத் தலையசைப்புக்குத்தான் அவ்வளவு பேரும் இந்தப் புல்லுக்குள் இறங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் அளவில் அடிபட்டும் செத்தும் பிடிபட்டும் போனார்கள். நீங்கள் எந்தப் பக்கம் அப்பா என்று காரில் சுகிர்தா கேட்டாள், கேட்பதில் நியாயம் இருக்கிறது, மனிசரை மாடுபோல விற்று வாங்கும் உரிமைக்காகச் சண்டைக்கு வந்த பக்கம் தெற்கு, தோற்க வேண்டிய பக்கம், தோற்றது நல்லது. அதில் அவருக்கு ஒரு மயக்கமும் இல்லை. என்றாலும் நான் போகட்டா என்று கேட்டவனின் குரல் எந்தப் பக்கத்துக் குரல்?

போகட்டே அப்பா. அப்படித்தான் கேட்டான் குகதாசன். சண்டை மூளப் போகுது, கிளிநொச்சிக்குப் போகும் ஓமந்தைப் பாதையை மூடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை, அவன் படிப்பித்தது கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான், பிள்ளைகளுக்குச் சோதனை வருகுது, போகாட்டி ஆர் பாக்கிறது என்றான். முன்னறையில் மேசையில் குனிந்துகொண்டிருந்தார் அவர். யாரோ ஒருவரின் காணி உறுதிக்கான படம், கறுப்பு மை காயவில்லை, இரண்டு கையும் அடிமட்டத்தின் மேல், பேனாவின் மூடி பல்லுக்கு இடையில். நிமிர்ந்தால் அடிமட்டம் அரக்கிக் கோடு பிசகிவிடும். தலையை அசைத்தார். எப்படி அசைத்தார்? இதைத்தான் அவர் இத்தனை வருசமும் கீறிக் கீறி அழித்துக்கொண்டிருக்கிறார். நம் சனத்தின் தலையாட்டலைப் போல ஒரு கேடு கெட்ட சாமான் உலகத்தில் இல்லை. வெள்ளைக்காரன் மேலும் கீழும் ஆட்டினால் ஓம், பக்கவாட்டில் ஆட்டினால் இல்லை, சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நமக்கு ஓமும் பக்கவாட்டில்தான், வேண்டாமும் பக்கவாட்டில்தான், தோளைப் பார்த்துக் கொஞ்சம் சரிந்தால் சரி என்று அர்த்தம், சரியாமல் திரும்பினால் வேண்டாம் என்று அர்த்தம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை. வாயில் மூடியோடு, குனிந்த கழுத்தோடு, வேண்டாம் என்றுதான் ஆட்டினேன் என்று சில நாள் தோன்றும். இல்லை, படம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் சரி போ என்றுதான் சரித்தேன் என்று சில நாள் தோன்றும். நின்று பார்த்தவன், அப்ப சரியப்பா, போட்டு வாறன் என்றான். போறன் என்று சொல்லவில்லை, நம் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, போட்டு வாறன். வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்கு எப்படி எள்ளும் தண்ணீரும் இறைப்பது? மூடியை வாயிலிருந்து எடுத்துப் படியில் இறங்கியபோது சைக்கிள் ஒழுங்கை திரும்பிவிட்டது. படம் நன்றாக வந்திருந்தது, ஒரு பிசிறு இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். சுகிர்தாவைக் காணவில்லை. முன்னே வயல் தட்டையாக, வெறுமையாக, அந்த மரக்கூட்டம் வரைக்கும் ஒரு தடையுமின்றிக் கிடந்தது, இப்போதுதான் அவளுடைய நீலச்சட்டை தெரிந்தது, இப்போது இல்லை. எங்கே போவாள், இந்த வெளியில் ஒளிய ஒரு மரம்கூட இல்லையே. பிறகு படவரைஞரின் கண் மெல்ல விழித்துக்கொண்டது. இது தட்டை இல்லை. தட்டை மாதிரி இருக்கிறது, உள்ளே பள்ளம் இருக்கிறது, சமவுயரக் கோடு போட்டால் அழகாக வளைந்து வரும், பள்ளத்துக்குள் இறங்கினால் இந்தப் பக்கத்திலிருந்து ஆளைத் தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான், நடந்து வந்தவர்கள் நடுவில் காணாமல் போனார்களாம், சுட நின்றவர்கள் விறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம், பிறகு முதலில் கொடிகள் தெரிந்தன, பிறகு தொப்பிகள், பிறகு முகங்கள். அவர் பள்ளத்துக்குள் இறங்கினார். கீழே காற்று இல்லை, இரைச்சலும் அடங்கிவிட்டது, மரக்கூட்டம் மறைந்துவிட்டது, சுற்றிவரப் புல்லும் மேலே வானமும்தான். இதற்குள் நின்றுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, சாகவும் வேண்டாம், திரும்பவும் வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் யாரோ நடப்பது போல இருந்தது, திரும்பிப் பார்க்க அவசியமில்லை, சுண்ணக்கட்டித் தூள் படிந்த கைமடிப்பும் பள்ளிக்கூடச் சப்பாத்தும் அவருக்குத் தெரியும், இந்தப் புல்லில் அந்தச் சப்பாத்து சத்தமே போடவில்லை. எங்க இருக்கிறாய் ராசா என்று கேட்டார். இஞ்சதான் என்றது குரல், எரிச்சல் இல்லாமல், சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது பதில் சொல்கிற குரல். இவ்வளவு காலமும் அவனை அவர் வைத்திருந்த இடம் இதுதான் என்று அவருக்கு மெதுவாக விளங்கியது. சண்டை இங்கே திரும்பவில்லை, அடுத்த நாள் விக்ஸ்பர்க்கில்தான் திரும்பியது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், பெரிய ஆற்றங்கரையில் அந்தப் பட்டினம், முற்றுகைக்குள் சனம் மலைச்சரிவைக் குடைந்து குகைக்குள் குடித்தனம் நடத்தியது, கோவேறு கழுதையையும் தின்றது. அங்கே ஒரு கூச்சலும் இல்லாமல், ஒருவர் மற்றவரிடம், இனி ஏலாது என்று வாயால் சொன்னார், அத்தோடு ஆறு கைமாறிவிட்டது. நம் ஊர்க் கடற்கரையில் பங்கருக்குள் பதுங்கி இருந்த சனத்துக்கு அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லையே என்று அவர் அந்தப் புத்தகத்தின் மேல் தலையை வைத்து அழுதிருக்கிறார். மனோன்மணி அதைக் கண்டாள், தேத்தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

அப்பா, என்ன அதுக்குள்ள நிக்கிறியள் என்று மேலேயிருந்து குரல் வந்தது. சுகிர்தா மேட்டில் நின்று கை நீட்டினாள். ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது, பக்கத்தில் இப்போது யாருமில்லை. றோட்டைக் கடந்தார்கள், றோட்டின் இரு பக்கமும் மரவேலி, அன்றைக்கு இந்த வேலியில் ஏறி இறங்கும்போதுதான் பலர் விழுந்தார்கள், இப்போது நடுவில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். கடைசி ஏற்றம் ஏறி, இடுப்பளவும் இல்லாத கல்மதிலுக்கு வந்ததும் அதில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் மரக்கூட்டம் கிட்டத்தில் பார்த்தால் ஒன்றுமேயில்லை, இரும்புக் கிராதிக்குள் சில மரங்கள். இதற்காகவா என்று கேட்க வாயெடுத்தார், சட்டைப் பை அதிர்ந்தது.

"என்ன, வெயிலுக்க திரியிறியளே? தொப்பி போட்டனீங்களே?" என்றாள் மனோன்மணி. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். ஐயர் ஆறு மணிப் பூசைக்கு முன்னம் கேட்டிருக்கிறார், நான் என்ன சொல்ல என்றாள். அவர் தலையை அசைத்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார், அவள் திட்டவில்லை.

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. அண்டைக்கும் நீங்கள் வாயைத் திறக்கேல்லை, தலையைத்தான் ஆட்டினனீங்கள். அதைத்தானே இவ்வளவு காலமும் போட்டுக் குழப்பிறியள். நான் குசினிக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள் வேண்டாமெண்டுதான் ஆட்டினனீங்கள். அவனுக்கும் அது விளங்கினது. விளங்கியும்தான் போனவன். அவன்ர பிள்ளையள், அவன்ர சோதனை. அவன் உங்களிட்டக் கேட்டது மரியாதைக்கு."

சிற்றம்பலம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து பார்க்கத் தட்டையாகத்தான் இருந்தது, எந்தப் பள்ளமும் தெரியவில்லை. அந்த வீட்டை அவர் மனத்துக்குள் ஒருமுறை கீறினார், முன்னறை, மேசை, நடுச்சுவர், சுவருக்கு அப்பால் குசினி, குசினியில் ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே கிணறு, வாழை. அடிமட்டத்தை எங்கே வைத்தாலும் அவள் நின்ற இடத்திலிருந்து மேசைக்குக் கோடு போகவில்லை. சுவரில் போய் முட்டியது. யன்னல் வைப்பம் வைப்பம் என்று சொல்லி அவர் கடைசி வரைக்கும் வைக்காத சுவர். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் ஒன்றும் பார்க்கவில்லை. இவ்வளவு காலமும் கேட்காமல் இருந்து, அவரைக் குடைவது எது என்று தானாகவே கண்டுபிடித்து, குசினிக்குள் நின்றுகொண்டே ஒரு யன்னலைத் திறந்துவிட்டாள். அவருக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் வந்தது, சுகிர்தா பக்கத்தில் வந்து முதுகில் கை வைத்தாள்.

"ஹலோ? தலையை ஆட்டுறியளே? எனக்குத் தெரியாதப்பா, வாயால சொல்லுங்கோ."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஓம்" என்றார். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ என்று மறுபடியும், இம்முறை சத்தமாக, "ஓம் மனோ. செய்வம்."